எனக்கென்ன கொதிப்பு?

"எனக்கு எதுக்குய்யா கொதிப்பு வரப்போகுது? நான் யாரையாவது ஒரு வார்த்தை ஏசியிருக்கேனா?"

அப்பத்தா இதை டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும் வழியில் என்னிடம் கேட்டாள். அப்போது எனக்குப் பதினாறு வயது. பதில் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம்மூரில் அந்த நோயின் பெயரே ரத்தக் கொதிப்பு. கொதிக்கிறவருக்குத்தானே கொதிப்பு வர வேண்டும்? விடிந்ததும் குழாயடியில் குரலெடுக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வந்தால் சரி. சண்டை விலக்கப் போகிற அப்பத்தாவுக்கு ஏன்?

ஆங்கிலப் பெயரும் நம்மைக் காப்பாற்றவில்லை. ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லில் இருக்கும் டென்ஷன், ரத்தக்குழாய்க்குள் இருக்கும் விசையைக் குறிப்பது. நாம் அதை மனசின் டென்ஷனாக எடுத்துக்கொண்டோம். "டென்ஷன் ஆகாத, பிரஷர் ஏறிடும்" என்கிறோம். கோபம் வந்தால் ஏறும், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுச் சாய்ந்தால் இறங்கும், ஏறும்போது நமக்கே தெரியும் என்று ஒரு கணக்கு. அப்பத்தா அந்தக் கணக்குப்படிதான் மாத்திரை போட்டாள். தலை கிறுகிறுவென்று வந்தால் ஒன்று. மற்ற நாட்களில் முருகன் படத்துக்குப் பின்னால் மாத்திரை அட்டை பத்திரமாக இருக்கும்.

பதினோரு வருஷம் அப்படிப் போனது. ஒரு மார்கழிக் காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் சரிந்தாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று.

அவள்மேல் வெகுநாள் எனக்குக் கோபம் இருந்தது. படிச்சுப் படிச்சுச் சொன்னோமே, ஒரு மாத்திரை போட்டுக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று. பிறகு இந்த நோயின் வரலாற்றை வாசிக்க ஆரம்பித்தேன். அப்பத்தாவுக்கு வந்த சந்தேகம் உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்களுக்கே அரை நூற்றாண்டு இருந்திருக்கிறது.

*

ரத்த அழுத்தம் என்று ஒன்று இருப்பதை முதலில் அளந்து காட்டியவர் டாக்டர் அல்ல, ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் டெடிங்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண்குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, தொடைத் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு ஒன்பதடி உயரக் கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் அதில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மனிதர்களிடம் செய்ய முடியாத சோதனை என்பதால் விஷயம் அங்கேயே நின்றது.

1896இல் இத்தாலியில் ஸ்கிப்பியோனே ரிவா-ரோச்சி என்ற மருத்துவர், சைக்கிள் டியூபைக் கையில் சுற்றிக் காற்றடித்து, பாதரசக் குழாயில் அளவு பார்க்கும் கருவியைச் செய்தார். நாடி எந்த அளவில் மறைகிறது என்பதை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதனால் மேல் எண் மட்டும்தான் கிடைத்தது. 1905இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் கோரட்கோவ் என்ற ராணுவ அறுவை மருத்துவர், அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ஒரு சத்தம் தொடங்கி, பிறகு அடங்குகிறது என்று கண்டுகொண்டார். தொடங்குவது மேல் எண், அடங்குவது கீழ் எண். இதை அவர் எழுதிய அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. நூற்றிருபது வருஷமாக நம் கையில் பட்டையைக் கட்டி ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் ஒவ்வொரு நர்ஸும் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான்.

கருவி வந்துவிட்டது. எண்ணும் கிடைத்துவிட்டது. அந்த எண்ணை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு கம்பெனிகள். கருவி வந்த சில வருஷங்களுக்குள்ளாகவே, பாலிசி கேட்டு வருகிறவர்களின் அழுத்தத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அழுத்தம் கூடியவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்பதை அவர்களுடைய கணக்குப் புத்தகங்கள் காட்டின. போட்ட பணம் போய்விடும் என்கிற பயம் இருந்தவருக்கு எண்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

டாக்டர்களுக்கு வரவில்லை. வயதாக வயதாகக் குழாய்கள் குறுகும், குறுகிய குழாய் வழியாக ரத்தம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச்சேர அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும், அதைக் குறைத்தால் உறுப்பு பட்டினி கிடக்கும் என்று நம்பினார்கள். காரணம் தெரியாத உயர் அழுத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே எசென்ஷியல் என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அத்தியாவசியமானது என்றே பலரும் புரிந்துகொண்டார்கள். 1931இல் லிவர்பூல் பேராசிரியர் ஜான் ஹே, உயர் அழுத்தக்காரருக்கு நேரும் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், கண்டுபிடித்தால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவான் என்று எழுதினார். "எனக்கு ஒண்ணும் செய்யலயே, எதுக்கு மாத்திரை?" என்று அப்பத்தா கேட்டதை, பட்டம் வாங்கியவரின் மொழியில் இப்படிச் சொல்லலாம்போல.

*

இந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்களில் உலகமே அறிந்த ஒருவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1935இல் அவருடைய அழுத்தம் 136/78. 1941இல் 188/105. இடையில் யாரும் பதறவில்லை. அவருடைய சொந்த மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர்; ஜனாதிபதியின் சைனஸைத் தினமும் கவனித்துக்கொண்டார். 1944 மார்ச்சில் அப்பா மூச்சுவாங்குவதைப் பார்த்து மகள் அன்னா வற்புறுத்தியபிறகுதான் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைச் சோதித்தார். 186/108. இதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது.

புரூயன் கேட்டதெல்லாம் படுக்கையில் ஓய்வு, உப்புக் குறைப்பு, எடைக் குறைப்பு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ். உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஜனாதிபதி எங்கே படுப்பது? ஓய்வு மறுக்கப்பட்டது, டிஜிட்டாலிஸுக்கே வாதாட வேண்டியிருந்தது. அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்து என்று அன்றைக்கு எதுவும் இல்லை. இதில் எனக்கு விசித்திரமாகப்படுவது வேறொன்று. தனக்கு என்ன நோய், இது என்ன மாத்திரை என்று ரூஸ்வெல்ட் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று புரூயன் பின்னாளில் எழுதினார். கேட்காமல் நீங்களாகச் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு. ஆக, உலகின் சக்தி வாய்ந்த நோயாளி கேட்கவில்லை, டாக்டர் சொல்லவில்லை. அந்த நவம்பரில் அவர் நான்காவது முறையாகத் தேர்தலில் ஜெயித்தார்.

அதன்பின் அழுத்தம் 260/150 வரை போனது. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தபோது, பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்று சொல்லிச் சாய்ந்தார். புரூயன் ஓடிவந்து அளந்தபோது 300/190. பிற்பகல் 3.35க்கு இறந்தார். வயது 63. இது எதிர்பாராமல் நடந்தது என்றே மெக்கின்டயர் சொன்னார். தன் குறிப்புகளை வைத்து புரூயன் முழுக்கதையை வெளியிட்டது 1970இல்.

இந்த இடத்தில் யாராவது கையைத் தூக்குவீர்கள்: "எங்க தாத்தாவுக்கும் 200 இருந்துச்சு, தொண்ணூறு வயசு வரைக்கும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாரு." இருக்கும். காந்திக்கு 1937 அக்டோபரில் 194/130, 1940 பிப்ரவரியில் 220/110 என்று பதிவுகள் இருக்கின்றன. அவர் 78 வயதில் குண்டடிபட்டுத்தான் இறந்தார். அழுத்தம் என்பது ஜாதகம் கிடையாது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் எத்தனை பேர் விழுவார்கள் என்று சொல்லும். நீங்கள் விழுவீர்களா என்று சொல்லாது. ஒவ்வொரு தெருவிலும் விழாத ஒரு தாத்தா இருக்கிறார். விழுந்தவர்களைவிட அவர்தான் நம் நினைவில் நிற்கிறார்.

*

சிகிச்சை என்று அந்தக் காலத்தில் இருந்தவற்றைப் படித்தால் நோயே பரவாயில்லை என்று தோன்றும். முதுகெலும்பின் ஓரமாக ஓடும் நரம்புகளை வெட்டியெடுத்தார்கள். ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த வால்டர் கெம்ப்னர், நோயாளிகளுக்கு வெறும் சோறு, பழம், சர்க்கரை, பழச்சாறு மட்டும் கொடுத்தார். சோற்றில் ஒரு கல் உப்பு கிடையாது. 1940களில் இதன்மூலம் பலருக்கு அழுத்தம் இறங்கியது, வீங்கிய இதயம் சுருங்கியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நமக்கு இது சிகிச்சையா தண்டனையா என்று புரியாது. அமெரிக்கர்களாலும் வீட்டில் இதைத் தொடர முடியவில்லை. 1950 வாக்கில் வந்த ஹெக்ஸாமெத்தோனியம் அழுத்தத்தை நன்றாகவே இறக்கியது. எழுந்து நின்றால் மயக்கம், கண் மங்கல், மலச்சிக்கல், ஆண்களுக்குப் படுக்கையில் இயலாமை என்று கூடவே வேறு பலவற்றையும் இறக்கியது.

இந்தியாவிலிருந்து ஒரு வேர் போனது. சர்ப்பகந்தா. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இது பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வேலை செய்கிறது என்று எழுதியபோது வெளியே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் வகீல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதியபிறகு பார்த்தார்கள். 1952இல் சிபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. மலிவான, வாயால் விழுங்கக்கூடிய மருந்து. அதைச் சாப்பிட்ட சிலர் காரணமில்லாமல் மனம் சோர்ந்துபோனார்கள். 1950களின் கடைசியில் குளோரோதயாசைடு என்ற நீர் மாத்திரை வந்தது. உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுகிற வகை. பெரிய தொந்தரவு இல்லாமல் அழுத்தத்தைக் குறைத்த முதல் மருந்து என்று அதைத்தான் சொல்வார்கள்.

தொந்தரவு இல்லையா? அப்பத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும். வெளியூர் போகிற அன்று அவள் நீர் மாத்திரையைத் தொடமாட்டாள். "மதுரைக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ஸு. நடுவுல எங்கய்யா இறங்கிப் போறது?" களையெடுக்கப் போகிற நாட்களிலும் அதே கதைதான். வரப்போரம் ஆண்களுக்கு ஒரு விஷயமே இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, களையெடுப்பு என்று கழித்துப் பார்த்தால் மாதத்தில் பாதி நாள் போய்விடும். அவள் டாக்டரிடம் இதைச் சொல்லவே இல்லை. ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவரும் கேட்கவில்லை. எண் குறையவில்லை என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதினார்.

*

குறைத்தால் நல்லதா என்ற கேள்விக்கு முடிவு கட்டியது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரீஸ் நடத்திய ஆய்வு. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் மாவு மாத்திரை. மருந்துக் கூட்டில் நீர் மாத்திரையோடு நம் சர்ப்பகந்தாவின் ரெசர்பைனும் இருந்தது. 1967இல் முடிவை வெளியிட்டார்கள். மாவு மாத்திரைக்காரர்களில் 27 பேருக்குச் சாவோ கடும் பாதிப்போ நேர்ந்தது. மருந்துக்காரர்களில் 2 பேருக்கு. ஜான் ஹேயின் காலம் அன்றோடு முடிந்தது.

எல்லாப் புத்தகமும் இந்த 27க்கு 2 என்பதைச் சொல்லும். அந்த ஆய்வின் முன்கதையைச் சொல்வது குறைவு. ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் அவர்களுக்குச் சில காலம் ரிபோஃபிளேவின் கலந்த மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நம் சத்து மாத்திரைகளில் இருக்கும் அதே மஞ்சள் வைட்டமின்தான். மாத்திரையை விழுங்கியவரின் சிறுநீர் புறஊதா விளக்கில் ஒளிரும். வரும்போது மிச்ச மாத்திரைகளையும் எண்ணினார்கள். ஒளிராதவர்கள், எண்ணிக்கை தவறியவர்கள், சொன்ன நாளில் வராதவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டார்கள். தகுதியான நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இப்படியே வெளியே போனார்கள்.

ஆய்வு என்ற முறையில் அதில் தவறில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, மருந்தைச் சாப்பிடுகிற ஆள் வேண்டும். ஆனால் உலகம் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், மருந்து இருக்கிறது, இனிப் பிரச்சினை இல்லை என்பது. கழிக்கப்பட்ட பாதிப்பேர் எங்கே போனார்கள்? அவர்கள்தான் எங்கள் வீட்டில் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1970களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் (ரூஸ்வெல்ட் இறந்த அதே மாநிலம்) ஊர் மக்களை அளந்து பார்த்தவர்கள் ஒரு கணக்கு சொன்னார்கள். உயர் அழுத்தம் இருப்பவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது தெரியும். தெரிந்தவர்களில் பாதி சிகிச்சையில் இருப்பார்கள். அதில் பாதிக்குத்தான் கட்டுக்குள் இருக்கும். நூறில் பன்னிரண்டு. பாதிகளின் விதி என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது.

அதே காலத்தில் இரண்டு இடங்களில் இரண்டு பேர் இந்தப் பாதிகளை விடாமல் துரத்தினார்கள். ஒருவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் க்ளின்காரக் என்ற சுரங்கக் கிராமத்தின் மருத்துவர், கம்யூனிஸ்ட். யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவர். இருமலுக்கு வந்தாலும் கால் சுளுக்குக்கு வந்தாலும் கையில் பட்டையைக் கட்டிவிடுவார். வராதவர்களைத் தேடிப் போய் அளந்தார். 1960களின் இறுதியில் ஒரு கிராமத்தின் வயதுவந்தோரை ஏறக்குறைய மொத்தமாக அளந்த முதல் டாக்டர் அவர். இருபத்தைந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, 65 வயதுக்குள் இறப்பது பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே 28 சதவீதம் குறைவாக இருந்தது. புது மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஊரை விட்டுப் போகாமல் இருந்தார், அவ்வளவுதான்.

இன்னொரு இடம் கனடாவின் ஹாமில்டன். டேவிட் சாக்கெட்டும் பிரையன் ஹேய்ன்ஸும் ஒரு உருக்காலையின் 230 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 1975இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஆலைக்குள்ளேயே சிகிச்சை. லீவு போட வேண்டாம், க்யூவில் நிற்க வேண்டாம். இன்னொரு பிரிவினருக்கு ரத்த அழுத்தம் பற்றி முழுப் பாடம். பாடம் கேட்டவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள், கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். மாத்திரை சாப்பிடுவது மட்டும் கூடவில்லை. ஆலைக்குள் வைத்தியம் கிடைத்தவர்களிடமும் கூடவில்லை.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அப்பத்தாவுக்கு நாங்கள் செய்ததெல்லாம் பாடம் எடுத்ததுதான். அப்பா எடுத்தார், நான் எடுத்தேன், காலேஜில் நர்சிங் படித்த அத்தை மகள் படம் வரைந்தே எடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவளே பாடம் எடுப்பாள்.

அந்த ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. மாத்திரை சாப்பிடாத, அழுத்தமும் இறங்காத 38 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பாதிக்கு அழுத்தத்தைத் தானே அளந்து எழுதிவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைக் கோத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார். அந்த ஒருவர் டாக்டர் அல்ல, நர்ஸும் அல்ல. பள்ளிப்படிப்பு முடித்த, மருத்துவப் பயிற்சி இல்லாத ஓர் ஆள். மாத்திரை சாப்பிடுவது கூடியது, பலருக்கு அழுத்தமும் இறங்கியது. 1976இல் இது வெளியானது.

1978இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது. தனக்கு உயர் அழுத்தம் இருப்பது அதுவரை தெரியாமல் இருந்த தொழிலாளர்கள், உனக்கு இருக்கிறது என்று சொல்லப்பட்டபின் அதிக நாள் லீவு போட்டார்கள். முந்தின நாள் வரை நன்றாக இருந்தவர்கள், பெயர் வைத்ததும் நோயாளி ஆனார்கள். ஜான் ஹே சொன்னது முழுக்க முட்டாள்தனம் அல்ல என்று இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

*

நம் கதைக்கு வருவோம். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். ஜார்ஜியாவின் பன்னிரண்டைவிடக் குறைவு. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், கடையில் வாங்கினாலும் அம்லோடிபின் ஒரு டீயை விடச் சல்லிசு. ஆனாலும் ஏழுதான். மாத்திரையின் விலை வேறு, அதை வாங்கப் போகும் விலை வேறு. ஒரு நாள் கூலி, பஸ், க்யூ, மாத்திரை தீர்ந்துபோச்சு அடுத்த வாரம் வாங்க என்ற பதில். கால் வீங்கினால் தானாக நிறுத்திவிடுவது. எண் நார்மலுக்கு வந்துவிட்டால், சரியாயிடுச்சு என்று நிறுத்துவது. இதில் அப்பத்தா மட்டுமல்ல, எம்.பி.ஏ. படித்த என் மாமாவும் சேர்த்தி.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. தன்னார்வலர்களாகச் சேர்ந்த பெண்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். குறைகள் இருக்கின்றன, அந்தப் பெண்கள் தங்களுக்குத் தரும் சொற்பத் தொகைக்காகப் போராட வேண்டியிருக்கிறது, அது வெட்கக்கேடு. இருந்தாலும் டியூடர் ஹார்ட் செய்ததற்கும் ஹாமில்டனில் அந்தப் பள்ளிப்படிப்பு ஆள் செய்ததற்கும் ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வேலை இது.

எங்கள் தெருவுக்கு வருகிற பெண் அம்மாவுக்குத் தூரத்து உறவு. அம்மாவுக்கு இப்போது 61 வயது. நான்கு வருஷமாக மாத்திரை. ஒருநாள்கூடத் தவறவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை வந்து பழைய அட்டையக் காட்டுங்கத்தேங்குதுல்ல. மாத்திரையோட எடுத்து நீட்டுனா அசிங்கமா இருக்காதா?"

அப்பத்தா விழுந்தபிறகு மூன்று வருஷம் கட்டிலில் இருந்தாள். அந்த மூன்று வருஷமும் மாத்திரையை அம்மாதான் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தாள். அழுத்தம் 130ஐத் தாண்டவில்லை.

போன மாதம் அந்தப் பெண் வந்தபோது நானும் ஊரில் இருந்தேன். "நீங்களும் நீட்டுங்கண்ணே, சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்று என் கையிலும் கட்டினாள். 148/94. பட்டையை அவிழ்த்து இன்னொரு முறை பார்த்தாள். எனக்கு வயது 35, தலைவலிகூட வருவதில்லை. ரெண்டு வாரத்துல மறுபடி பாத்துருங்கண்ணே என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். இது ஐந்தாவது வாரம்.